கழுநீர்த் தொட்டியும் குப்பை லாரியும்

போன மாதம் ஒருநாள் காலை பத்து மணிக்கு எங்கள் ஊர்க் காய்கறி மார்க்கெட்டின் பின்வாசலில், குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்ததை நண்பர் ஒருவர் பார்த்துவிட்டார். வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் கதைகளை விடாமல் படிப்பவர். அன்று மாலையே வீட்டுக்கு வந்து, "என்ன சார், கதைக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற இடத்தில் போய் நிற்கிறீர்களே!" என்றார்.

அப்போது காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன். அது அவருக்கு மட்டும் உரிய பதிலல்ல. மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற நம் எல்லோருக்கும் உரியது.

உண்மையில் அந்த மேட்டில் மூக்கைப் பொத்த வேண்டிய சரக்கு பாதிகூட இல்லை. அன்று விடியற்காலையில் இறங்கிய காலிபிளவரின் இலைகள், முட்டைக்கோஸின் மேல் மடல்கள், பட்டாணித் தோல், மக்காச்சோளத் தோகை, முள்ளங்கித் தழை, நூல்கோல் தழை. எல்லாம் பச்சைப் பசேலென்று, ஈரம் காயாமல் கிடந்தன. அதன்மேல் ஒருவர் உடைந்த தெர்மோகோல் பெட்டியைக் கொட்டினார். டீக்கடைப் பையன் கோப்பைகளைக் கொட்டினான். பழக்கடையிலிருந்து அழுகிய பப்பாளி வந்தது. பிறகு இயந்திரம் வந்து எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி லாரியில் போட்டது. லாரி ஊருக்கு வெளியே உள்ள குப்பைக் கிடங்குக்குப் புறப்பட்டது.

அதே சாலையில், எதிர்த்திசையில், எங்கள் தெருவில் பால் ஊற்றும் அம்மாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான்கு கறவை மாடு வைத்திருக்கிறார். சைக்கிளின் பின்னால் இரண்டு கட்டுப் பசும்புல். விலைக்கு வாங்கிய புல். லாரி கிளப்பிய தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

மாட்டுக்குரிய பச்சை காசு கொடுத்து ஊருக்குள் வருகிறது. மாட்டுக்குரிய பச்சை காசு கொடுத்து ஊரைவிட்டுப் போகிறது. முதல் காசைப் பால் விலையில் கொடுக்கிறோம். இரண்டாவது காசை வரியில் கொடுக்கிறோம். இதில் சிரிப்பதற்கு அந்த அம்மாளுக்கு உரிமை உண்டு. நமக்கு இல்லை.

என் பாட்டி வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு கழுநீர்த் தொட்டி இருந்தது. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, வாழைக்காய்த் தோல், புடலங்காய்க் குடல், கீரைத் தண்டு எல்லாம் அதில் போகும். மாலையில் மாட்டுக்காரர் வந்து எடுத்துப் போவார். ஒருநாள் பென்சில் சீவிய துருவலோடு ஒரு பழைய பிளேடையும் நான் அதில் போட்டுவிட்டேன். பாட்டி முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி அதை எடுத்தாள். கையில் இரத்தம். என்னை அடிக்கவில்லை. "வாயில்லாத ஜீவன்டா. அது பாத்துத் திங்காது. நாமதான் பாத்துப் போடணும்" என்றாள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது இதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் பாட்டி சொன்னால் கேட்கிற காலம் போய்விட்டதால், சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கழுநீர்த் தொட்டி போனதற்காக நான் அழவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அதற்கு இடமேது? ஆனால் தொட்டி வீட்டைவிட்டுப் போனபோது, அது மார்க்கெட்டுக்குப் போயிருக்க வேண்டும். சென்னையின் கொத்தவால்சாவடி மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு இடம் பெயர்ந்தது. மலையிலிருந்து இறங்குகிற காய்க்கு மேட்டுப்பாளையம், சமவெளிக் காய்க்கு ஒட்டன்சத்திரம் என்று பெரிய சந்தைகள் வளர்ந்தன. ஆயிரம் கொல்லைப்புறத்தில் சிதறிக் கிடந்த தோலும் தழையும் ஓரிடத்தில் மலையாகச் சேர்ந்தன. தொட்டி மட்டும் வரவில்லை, லாரி வந்தது.

"இலையும் தழையும் இருந்தால் மாட்டை அவிழ்த்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்பவர் உண்டு. அவிழ்த்துத்தான் விடுகிறோம். மார்க்கெட் மேட்டில் மாடுகள் மேய்வதைப் பார்த்து, "பாவம், அதுவாவது தின்னட்டும்" என்று புண்ணியம் தேடிக்கொள்கிறோம். 2019-ஆம் ஆண்டு அக்டோபரில், சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றைக் கிழித்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை அரசு தடை செய்தது அதே ஆண்டு ஜனவரி முதல் தேதி. 52 கிலோ என்பது ஒரு மனிதரின் எடை. அந்தப் பசு அதை ஆசைப்பட்டுத் தின்னவில்லை. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு பிடி சோறோ, ஒரு பிடி காய்த்தோலோ இருந்தது. முடிச்சுப் போட்டது நாம்.

பிளாஸ்டிக் இல்லாவிட்டாலும், பச்சையாக வாரிக் கொட்டுவது சரியான வழி அல்ல. மார்க்கெட் ஒருநாள் அளவுக்கு மீறிக் கொடுக்கும். மறுநாள் ஒன்றும் தராது. காலிபிளவர் இலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் அழுகிவிடும். பசித்த மாடு ஒரே மூச்சில் அதைத் தின்றால் வயிறு உப்பும். முட்டைக்கோஸ் குடும்பத்து இலையையே நாள்தோறும் அளவு மீறிப் போட்டால் சோகை பிடிக்கும். வெங்காயமும் அப்படித்தான். பச்சை படர்ந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கு விஷம்.

அப்படியானால் என்ன செய்வது? நம் வீட்டுப் பெண்கள் ஆண்டாண்டு காலமாகச் செய்வதைத்தான் செய்ய வேண்டும். மிகுதியாகக் கிடைக்கும் பருவத்தில் எடுத்து, கெடாமல் ஊறவைத்து, கிடைக்காத பருவத்தில் எடுத்துப் பரிமாற வேண்டும். கால்நடைத் துறையார் சைலேஜுக்குத் தமிழில் 'ஊறுகாய்ப் புல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான பெயர். பெயர் வைத்தவருக்கு மாட்டையும் தெரிந்திருக்கிறது, சமையலறையையும் தெரிந்திருக்கிறது.

இதன் ரகசியம் மிக எளியது. பசுந்தழையைப் பொடியாக நறுக்கி, காற்று நுழையாதபடி அழுத்தி மூடிவிட்டால், இட்லி மாவைப் புளிக்கவைக்கிற இனத்துக் கிருமிகள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏறியதும் அழுக வைக்கும் கிருமிகளால் பிழைக்க முடிவதில்லை. தழை மாதக்கணக்கில் கெடாது. நீண்ட பனிக்காலத்தில் மாட்டுக்குத் தீனி இல்லாமல் தவித்த பின்லாந்தில், விர்ட்டானன் என்ற ரசாயனப் பேராசிரியர் அமிலத்தையே நேராகத் தழையில் சேர்த்து அதைக் காக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1945-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். மாட்டுத் தீவனத்துக்கு நோபல் பரிசா என்று அங்கே யாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

காய்கறிக் கழிவுக்கு ஒரே ஒரு சிக்கல், தண்ணீர். ஊறுகாய்ப் புல்லில் நூற்றுக்கு முப்பது பங்காவது உலர்ந்த பொருள் இருந்தால்தான் நன்றாகப் புளிக்கும். இலையில் இருப்பதோ பத்துப் பங்கு. வைக்கோலில் தொண்ணூறு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 கிலோ இலையில் உலர்ந்த பொருள் 7.5 கிலோ, 25 கிலோ வைக்கோலில் 22.5 கிலோ. இரண்டையும் கலந்தால் நூறு கிலோவுக்குச் சரியாக 30 கிலோ. மூன்று பங்கு இலைக்கு ஒரு பங்கு வைக்கோல். வைக்கோலில் இல்லாத புரதம் இலையில் இருக்கிறது. இலையில் இல்லாத உலர்ச்சி வைக்கோலில் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான ஜோடியை எந்தத் தரகரும் பார்த்துவைக்க முடியாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. லூதியானா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் அறிஞர்கள் பங்குகொண்டு எழுதி, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஒரு நூலே இருக்கிறது. கோஸ் இலை, காலிபிளவர் இலை, பட்டாணித் தோல் ஆகியவற்றைப் பச்சையாகவோ உலர்த்தியோ வைக்கோலுடன் ஊறவைத்தோ கொடுக்கலாம் என்று அதில் விவரமாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே, 'வழி தெரியவில்லை' என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

நான் விஞ்ஞானம் படித்தவனல்ல. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன். ஆனாலும் எழுதுவதற்கு முன் செய்து பார்த்துவிடுவது என் பழக்கம். பால்கார அம்மாளிடம் கெஞ்சி, அவர் கொட்டிலின் ஓரத்தில் ஒரு நீல டிரம்மில் இலையை மட்டும் நறுக்கி அடைத்தோம். "வைக்கோல் போடலையா தம்பி?" என்று அவர் கேட்டார். புத்தகம் படித்த திமிரில், "ஒருநாள் வாடப் போட்டிருக்கிறோமே, போதும்" என்றேன். நாற்பது நாள் கழித்துத் திறந்தபோது கறுப்பாய் நீர் வடிந்தது; கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் தெருமுனை வரை போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எரு குழியில் கொட்டிவிட்டு, அடுத்த முறை தாமே வைக்கோலை எடுத்துவந்தார். இரண்டு பேரும் மாறி மாறி ஏறி மிதித்தோம். இரண்டாவது டிரம்மைத் திறந்தபோது இளமஞ்சளும் பச்சையுமாய், புளித்த மோரும் பழமும் கலந்தாற்போல் ஒரு வாசனை. முதல் நாள் மாடு முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் நாள் கொஞ்சம் கடித்தது. மூன்றாம் நாள் கூடையை என் கையிலிருந்து இழுத்தது. நான் எழுதிய எந்தக் கதைக்கும் இப்படி ஒரு விமரிசனம் கிடைத்ததில்லை.

சரி, இனி ஆட்சேபங்களுக்கு வருவோம்.

முதலாவது, பூச்சிமருந்து. "இலையில் மருந்து இருக்குமே, அது பாலில் வராதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெளி மடலில் மருந்து அதிகம் தங்கும் என்பது உண்மை. ஊறவைப்பதால் அது முழுதும் போய்விடாது என்பதும் உண்மை. ஆகவே அவ்வப்போது பரிசோதனை வேண்டும். இலை ஒரு பங்காக இருக்க வேண்டுமே தவிர முழுத் தீவனமாக இருக்கக் கூடாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். மாட்டுக்காகக் கவலைப்படும் இந்த அன்பர், அதே வயலின் அதே செடியில் விளைந்த பூவை அன்றைக்கே பொரித்துத் தின்கிறாரே, அப்போது எந்தச் சோதனைச்சாலைக்குப் போனார்? மாட்டுக்கு ஆகாத மருந்தை மனிதனுக்கு அடிக்கிறார்கள் என்றால், திருத்த வேண்டியது வயலை. இலையை லாரியில் ஏற்றுவதால் பூவில் உள்ள மருந்து குறைந்துவிடாது.

இரண்டாவது, எரிவாயு. "கழிவிலிருந்து எரிவாயு எடுக்கலாம், உரம் செய்யலாம், அதுதானே நவீனம்?" என்பது படித்தவர்களின் வாதம். அழுகியதை அப்படித்தான் செய்ய வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தின்னத் தகுந்ததை நேரே கலனில் தள்ளுவது, நெல்லை அடுப்பெரிக்கப் பயன்படுத்துவது போல. மனிதன் தின்ன முடிந்ததை மனிதனுக்கு, அவன் கழித்ததை மாட்டுக்கு, மாடும் கழித்ததைக் கலனுக்கு என்பதே முறை. இலையை மாடு தின்றால் பாலும் கிடைக்கும், சாணமும் கிடைக்கும். அந்தச் சாணத்திலிருந்து எரிவாயுவும் எடுக்கலாம், உரமும் எடுக்கலாம். முதலிலேயே கலனில் போட்டால் பால் மட்டும் கிடைக்காது.

மூன்றாவதாக வருபவர் ஆட்சேபக்காரர் அல்ல, அதி உற்சாகக்காரர். "கல்யாண மண்டப மிச்சம், ஹோட்டல் மிச்சம் எல்லாவற்றையும் இப்படியே மாட்டுக்கு ஆக்கிவிடலாமே!" என்கிறார். கூடவே கூடாது. இங்கிலாந்தில் 2001-இல் பன்றிகளுக்கு முறையாக வேகவைக்காத எச்சில் மிச்சத்தைக் கொடுத்த ஒரு பண்ணையிலிருந்து கோமாரி நோய் கிளம்பியது. அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட ஆடு மாடு பன்றிகளைக் கொன்று புதைத்தும் எரித்தும் தீர்த்தார்கள். அந்த ஆண்டே எச்சில் தீவனத்தைத் தடை செய்தார்கள். குவியலாகச் சோற்றைத் தின்ற மாடு, வயிற்றில் அமிலம் மிகுந்து செத்துப்போவதை நம் ஊர்க் கால்நடை மருத்துவர்களும் பார்த்திருக்கிறார்கள். நான் பேசுவது இலையைப் பற்றி, எச்சில் இலையைப் பற்றி அல்ல. இந்த வித்தியாசம் தெரியாதவர் தயவுசெய்து மாட்டுக்கு நன்மை செய்யப் புறப்பட வேண்டாம்.

நான்காவது ஆட்சேபம்தான் உண்மையானது. அதை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஒரு மார்க்கெட்டை மேற்பார்க்கும் அலுவலகத்துக்குப் போய், இலைக்குத் தனியாக ஓர் இடம் ஒதுக்கக் கூடாதா என்று கேட்டேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்தவர் மரியாதையாக நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், பிறகு, "சார், குப்பை எடுக்கிற காண்டிராக்டு எடைக் கணக்கு. எடை குறைந்தால் எடுக்கிறவருக்குக் கட்டாது. நீங்கள் சொல்வது நல்ல விஷயந்தான். எழுதுங்கள்" என்றார்.

எழுதுகிறேன். இலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்று முன்பே சொன்னேன். இலை ஏற்றிய பத்து லாரி ஊரைவிட்டுப் போனால், ஒன்பது லாரி தண்ணீர் போகிறது என்று அர்த்தம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு மறியல் செய்கிற நாட்டில், தண்ணீரை எடைபோட்டுக் காசு கொடுத்துக் குப்பைக் கிடங்கில் கொட்டுகிறோம். மேலே காற்றில்லாமல் புதைந்த இலை அங்கே வாயுவைக் கிளப்புகிறது. தீப்பிடித்தால் அணைக்க மறுபடியும் தண்ணீர் லாரி போகிறது.

தண்ணீரைச் சுமந்து போவது நஷ்டம் என்பதால்தான், ஊறவைக்கிற வேலையை மார்க்கெட்டின் பக்கத்திலேயே செய்ய வேண்டும் என்கிறேன். இலையை வைக்கோல் இருக்கிற கிராமத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வைக்கோலை இலை இருக்கிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கொட்டகை, தீவனம் நறுக்கும் இயந்திரம் ஒன்று, காற்றுப்புகாத பைகள், நாலைந்து பேருக்கு மாதச் சம்பளம். வைக்கோல் விலை ஏறுகிற கோடையில் கணக்கு இடிக்கும். அப்போது சோளத்தட்டையோ மக்காச்சோளத்தட்டையோ கலக்க வேண்டும். பெரிய மார்க்கெட்டுக்குத்தான் இது கட்டும், சின்னச் சந்தைக்குக் கட்டாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய மார்க்கெட்டுகளிலாவது ஏன் செய்யவில்லை என்பதே என் கேள்வி.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒன்றுதான். பிரித்துப் போடுவது. நறுக்குவதும் மிதிப்பதும் மூடுவதும் இயந்திரம் செய்துவிடும். கிருமி தன் வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்துவிடும். பிரிப்பதை மட்டும் மனிதன் செய்தாக வேண்டும். இலை கீழே விழுந்த அந்த நிமிஷத்தில் அது தீவனம். அதன்மேல் டீக்கோப்பை விழுந்த நிமிஷத்தில் குப்பை. நடுவில் இருப்பது ஒரு கை. அந்தக் கை கடைக்காரருடையது, சுமைதூக்குகிறவருடையது, உங்களுடையது, என்னுடையது.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்க வேண்டும் என்ற விதி 2016-லேயே வந்துவிட்டது. பச்சை வாளி, நீல வாளி எல்லாம் வந்துவிட்டன. காலையில் கதவைத் தட்டும் துப்புரவுப் பணிப்பெண், "பிரிச்சுப் போடுங்கம்மா" என்று கேட்டால், "அதற்குத்தானே உனக்குச் சம்பளம்?" என்று பதில் சொல்கிற வீடுகளை எனக்குத் தெரியும். கூடம் நிறையப் புத்தகம் உள்ள வீடுகள்தாம். என் கதைகளில் ஏழைகள் துன்பப்படும்போது கண்ணீர் விடுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். அந்தக் கண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நம் நாப்கினையும் கண்ணாடித் துண்டையும் கீரைத்தண்டிலிருந்து இன்னொருத்தி தன் விரலால் பிரித்தெடுக்க வேண்டும் என்று நினைக்கிற மனசுக்கு, கதையில் அழுவதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

என் நண்பரின் வீட்டில் ஒவ்வொரு அமாவாசைக்கும் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கிற வழக்கம் உண்டு. பசு வாசலுக்கே வரும். அந்த அம்மாள் குங்குமம் இட்டு, கீரையை ஊட்டி, வாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது நல்ல வழக்கம். அதை விட்டுவிடச் சொல்ல நான் யார்? மாதத்தில் மற்ற இருபத்தொன்பது நாளும் அந்த வீட்டிலிருந்து பசுவுக்கு என்ன போகிறது என்றுதான் கேட்கிறேன். மிச்சச் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து, தெருமுனைத் தொட்டியின்மேல் வைத்துவிட்டு வருகிறார் நண்பர். "ஏதாவது மாடு தின்னுட்டுப் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே வைப்பார். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நண்பரே, மார்க்கெட் பின்வாசலில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்களே. பால்கார அம்மாளுக்காக இரண்டு சாக்கு காலிபிளவர் இலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது டிரம்முக்கு. லாரி வருவதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும். தெர்மோகோல் விழுவதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும். காலை ஒன்பதே முக்காலுக்கு வந்தால் சரியாக இருக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்களும் வாருங்கள். இன்னொரு சாக்கு இருக்கிறது.